31 வருடக் கோவைகளும் அண்ணன் கேட்ட பட்டியலும்

கொழும்பிலிருந்து எழுதியிருக்கும் வாசகி ஒரு சட்டத்தரணி. அவருடைய தந்தையாரும் சட்டத்தரணி, பிரசித்த நொத்தாரிசு, அதாவது காணி உறுதி போன்ற பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர். புதுக்கடை நீதிமன்றங்களுக்கு நடந்துபோகும் தூரத்தில் தந்தையார் நடத்திய அலுவலகம், அவர் காலமானபின் இரண்டு வருடங்களாக மகளின் பொறுப்பில் இருக்கிறது. இளம் சட்டத்தரணிகள் இருவர், தட்டச்சுக்கு ஒருவர், தந்தையார் காலத்திலிருந்து 31 வருடங்களாகக் கூடவே இருக்கும் இலிகிதர் ஒருவர். நடந்துகொண்டிருக்கும் வழக்குகள் ஏறத்தாழ 400. பாகப்பிரிவினை, காணித் தகராறு, மரணசாதனம், கொஞ்சம் கடன் அறவீடு. அலமாரிகளிலும் மாடிப்படியின் கீழும் முடிந்த கோவைகள் குவிந்திருக்கின்றன.

ஒரு மென்பொருள் விற்பனையாளர் வந்து, செயற்கை நுண்ணறிவு வழக்கின் முடிவையே முன்கூட்டிச் சொல்லும் என்று செய்து காட்டியிருக்கிறார். வருடச் சந்தாவோ இளம் சட்டத்தரணி ஒருவரின் ஆறு மாதச் சம்பளம். வாங்கலாமா என்பது முதல் கேள்வி. எந்த நீதிபதி எப்படித் தீர்ப்பளிக்கிறார் என்று பட்டியல் தயாரிக்கலாமா என்பது இரண்டாவது. அலுவலகத்தின் இளையவர் ஒருவர் வழக்குரைகளை இலவசச் செயற்கை நுண்ணறிவுச் சேவையில் இட்டு மொழிபெயர்த்து வருவது அண்மையில்தான் தெரியவந்ததாம். அதைத் தடுப்பதா, விடுவதா? இவற்றுக்கிடையில், காணி விற்பனைத் தொழில் செய்யும் அண்ணன், பாகப்பிரிவினை வழக்கு முடிந்து பங்கு கிடைத்தவர்களின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கேட்கிறார். இலிகிதரோ, கணினி என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றவற்றை ஆறுதலாகப் பேசலாம். அண்ணன் கேட்ட பட்டியல் அப்படிக் காத்திருக்காது. அவர் அடுத்த கிழமையும் வந்து கேட்பார். ஆகவே கடிதத்தில் நீங்கள் கடைசியாக எழுதியதை நான் முதலில் எடுக்கிறேன்.

அந்தப் பட்டியலைக் கொடுக்க வேண்டாம்

நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு காரணங்களும் சரியல்ல. "இந்தத் தகவல்கள் எங்கள் அலுவலகத்துக்குச் சொந்தம்" என்பது முதலாவது. தாளும் அலமாரியும் உங்களுக்குச் சொந்தம்தான். தாளில் இருக்கும் விடயம் கட்சிக்காரருடையது. அதை உங்கள் தந்தையார் வழக்கு நடத்துவதற்காகப் பெற்றுக்கொண்டார், வீட்டுக்கு ஆதாயம் தேட அல்ல.

இரண்டாவது காரணம் அண்ணனுடையது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை, ஆகவே இப்போது கொடுத்தால் பாதகமில்லை என்கிறாராம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் கட்டம் கட்டமாகவே நடைமுறைப்படுத்தப்படுகிறது, திகதிகள் தள்ளியும் போயின. அது உண்மை. ஆனால் உங்கள் கடமை 2022 இல் பிறந்ததல்ல. 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், பிரிவு 126 ஐ எடுத்துப் பாருங்கள். தொழில் நிமித்தம் கட்சிக்காரர் சொன்னதை அவருடைய வெளிப்படையான சம்மதமின்றி வெளியிட முடியாது. அவருக்காகத் தொழில் செய்வது முடிந்த பின்னரும் அந்தக் கடமை தொடரும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. அடுத்த பிரிவு இதே கடமையை உரைபெயர்ப்பாளர், இலிகிதர், பணியாளர் மீதும் சுமத்துகிறது. சட்டத்தரணிகளுக்கான உயர் நீதிமன்றத்தின் 1988 ஆம் ஆண்டு நடத்தை விதிகளும் இருக்கின்றன. அண்ணனுக்காக உங்கள் தொழில் உரிமத்தைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. புதிய சட்டத்தின் தண்டப்பணமும் சிறியதல்ல, ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம்.

"வழக்கேடு பகிரங்க ஆவணம்தானே" என்று அண்ணன் அடுத்ததாகக் கேட்பார். கேட்டால், நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து அவரே பார்க்கட்டும். வழக்கேட்டில் பெயரும் பங்கும் இருக்கும். உங்கள் கோவையில் இருப்பது வேறு: யாருக்கு மகளின் கலியாணத்துக்குக் காசு அவசரம், யார் தம்பியோடு பேசுவதில்லை, யார் டொரன்டோவிலிருந்து வந்து எப்படியாவது விற்றுவிட்டுப் போக நினைக்கிறார். காணித் தரகருக்குப் பெறுமதியானது இந்த இரண்டாவது வகைதான். சொல்லக்கூடாததும் அதுதான்.

கட்சிக்காரர் ஒருவர் தாமாகவே "நல்ல தரகர் யாரும் இருக்கிறார்களா?" என்று கேட்டால், இரண்டு மூன்று பேரைச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவர் உங்கள் அண்ணன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொலைபேசி எடுப்பது கட்சிக்காரருடைய விருப்பம். தரகுப் பணத்தில் பங்கு வாங்காதீர்கள். அண்ணனிடம் சட்டப்பிரிவுகளை ஒப்புவிக்கவும் வேண்டாம், "அப்பாவை நம்பிச் சொன்னவர்கள், அண்ணா" என்றால் போதும்.

பழைய கட்சிக்காரர்களின் முகவரிகளை வைத்து நீங்கள் தாராளமாகச் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. முடிந்த கோவைகளுக்குள் அவர்களுடைய மூல உறுதிகள் எத்தனை கிடக்கின்றன என்று பாருங்கள். வருடக்கணக்காக யாரும் வந்து எடுக்காதவை நிச்சயம் இருக்கும். அழைத்துக் கையொப்பம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். தகவலை அது பெறப்பட்ட நோக்கத்துக்கே பயன்படுத்துவது என்பது இதுதான். தந்தையார் நொத்தாரிசாக எழுதிய உறுதிகளின் அலுவலகப் பிரதிகளும் உங்கள் அலமாரியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவை குடும்பச் சொத்தல்ல. ஸ்கான் செய்யத் தொடங்குமுன் காணிப் பதிவகத்துக்குப் போய், நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின்படி அவற்றை என்ன செய்ய வேண்டுமென்று கேட்டு ஒழுங்குபடுத்துங்கள். இரண்டு வருடம் ஏற்கெனவே போய்விட்டது.

"எங்களிடம் கோவைகள்தான் இருக்கின்றன, தரவு இல்லை"

உங்கள் கடிதத்தில் நான் கோடிட்ட வரி இது. தரவு என்றால் கணினிக்குள் இருப்பது, விலைக்கு வாங்குவது என்ற எண்ணம் இதற்குள் ஒளிந்திருக்கிறது. மென்பொருள் விற்பனையாளர் பிடித்துக்கொண்டதும் இந்த எண்ணத்தைத்தான்.

உங்கள் அலுவலகத்தில் மூன்று புத்தகங்கள் கட்டாயம் இருக்கும்: தவணை நாட்குறிப்பு (வழக்குகள் எடுக்கப்படும் நாட்களைக் குறிப்பது), பற்றுச்சீட்டுப் புத்தகம், கோவைப் பதிவேடு. எந்த வழக்கு எத்தனை தவணை கண்டது, ஒவ்வொரு தவணையும் ஏன் தள்ளிப்போனது, அதற்கு எவ்வளவு பணம் வந்தது, யார் அந்தக் கட்சிக்காரரை அனுப்பிவைத்தார் என்பதெல்லாம் 31 வருடங்களாக மையில் எழுதப்பட்டிருக்கின்றன. யாரும் அவற்றைச் சேர்த்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஆகவே இந்த வருடம் மென்பொருள் வாங்காதீர்கள். அதற்குப் பதிலாக, முடிந்த கோவைகளில் 100 ஐ ஆகஸ்ட் நீதிமன்ற விடுமுறையில் எடுக்கத் தொடங்குங்கள். கைக்கு வந்ததை எடுக்காமல், பதிவேட்டின்படி ஒவ்வொரு ஐந்தாவது அல்லது பத்தாவது கோவையாக எடுங்கள். கைக்கு வருவது எப்போதும் பெரிய, மறக்க முடியாத வழக்காகவே இருக்கும். ஒரு சாதாரண எக்செல் அட்டவணை போதும். வழக்கின் வகை, தாக்கல் செய்த திகதி, முடிந்த திகதி, எப்படி முடிந்தது, தவணைகளின் எண்ணிக்கை, பெற்ற கட்டணம். இவை இலகுவான நிரல்கள்.

கடினமான நிரல் ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு தவணையும் தள்ளிப்போன காரணம். அழைப்பாணை சேரவில்லை, நில அளவையாளரின் அறிக்கை வரவில்லை, எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டது, நீதிபதி விடுமுறை, இறந்தவருக்குப் பதிலாகப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது, நாங்களே ஆயத்தமாக இருக்கவில்லை. கடைசிக் காரணத்தை நேர்மையாக நிரப்புகிறீர்களா என்பதில்தான் இந்த முயற்சியின் பயன் முழுவதும் தங்கியிருக்கிறது.

இதை நான் என் சொந்த அலுவலகத்தில் செய்து பார்த்தேன். எங்கள் பாகப்பிரிவினை வழக்குகள் இழுபடுவதற்கு நீதிமன்றமும் எதிர்த்தரப்புமே காரணம் என்று கட்சிக்காரர்களிடம் 20 வருடமாகச் சொல்லி வந்தவன் நான். கோவைகளை விரித்தபோது, முதல் வருடத்தின் பெரும்பகுதி அழைப்பாணை சேராமலே போயிருந்தது. முகவரி பிழை. பழைய வரிமதிப்பு இலக்கம். "வெளிநாட்டில்" என்று ஒற்றைச் சொல். அந்த முகவரிகளை வாங்கி எழுதியது நாங்கள்தான். அதன்பின் முதல் சந்திப்பிலேயே ஒரு பக்கப் படிவம் வைத்தோம்: ஒவ்வொரு பங்காளியின் இப்போதைய முகவரி, அவரை அறிந்த ஓர் உறவினரின் தொலைபேசி இலக்கம், உயிரோடு இருக்கிறாரா, இல்லையென்றால் பிள்ளைகள் யார். ஒரு தாளும் ஒரு பேனாவும்தான் செலவு. எந்த மென்பொருளும் இதை எங்களுக்குச் சொல்லியிருக்காது. நாங்கள் அதனிடம் கேட்டிருக்கவும் மாட்டோம்.

இந்த அட்டவணை இன்னொன்றுக்கும் உதவும். எல்லாக் கட்சிக்காரரும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு காலம் போகும்?" நாங்கள் எல்லோரும் சொல்லும் பதில், "அது சொல்ல ஏலாது." இனிமேல் உங்களால் ஓரளவு சொல்ல முடியும். ஆனால் பாடசாலையில் படித்த இடையையும் இடையத்தையும் மறந்துவிடாதீர்கள். ஐந்து வழக்குகள் முறையே 4, 5, 6, 7, 28 வருடங்களில் முடிந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டி வகுத்தால் இடை 10 வருடம். வரிசையின் நடுவில் நிற்கும் இடையம் 6. அந்த 28 வருட வழக்கு ஒன்றே கணக்கைக் குழப்பிவிடுகிறது. கட்சிக்காரரிடம் சொல்ல வேண்டியது ஆறு. கூடவே, அந்த 28 போலவும் நடக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு பொறியும் உண்டு. முடிந்த கோவைகளை மட்டும் எண்ணினால், இன்னும் முடியாமல் கிடக்கும் மிக நீண்ட வழக்குகள் கணக்குக்கு வெளியே நின்றுவிடும். உங்கள் எண் உண்மையைவிட அழகாகத் தெரியும். நடந்துகொண்டிருக்கும் 400 இல் பத்து வருடம் தாண்டியவை எத்தனை என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தவணைக்கு இவ்வளவு என்று வாங்கும் வழக்கம் எங்களிடம் ஆழமாக வேரூன்றியது. அந்த முறையில் வழக்கு இழுபட்டால் நட்டம் கட்சிக்காரருக்கு மட்டுமே. ஒவ்வொரு வகை வழக்குக்கும் உண்மையில் எத்தனை தவணை, எத்தனை மணி நேரம் போகிறது என்பது தெரிந்தால், சிறிய வழக்குகளுக்காவது மொத்தக் கட்டணம் சொல்ல உங்களுக்குத் துணிவு வரும்.

நாட்களை எண்ணும் வேலை

தரவை வைத்து ஒரேயொரு காரியம்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். தவறவிட்ட ஒரு திகதி, நூறு நல்ல வாதங்களை விழுங்கிவிடும்.

கோவை திறக்கும் நாளிலேயே கடைசித் திகதிகளைக் கணித்து அதன் அட்டையில் எழுதிவிடுங்கள். புறக்கோட்டை வியாபாரி ஒருவர் விற்ற பொருளுக்குக் காசு வரவில்லை என்று வந்தால், காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி அவருக்கு இருப்பது ஒரு வருடம். எழுதாத ஒப்பந்தமென்றால் 3 வருடம், எழுதியதென்றால் 6. தீங்குக்கான நட்டஈடு என்றால் 2 வருடம். அடிப்படை உரிமை மீறலுக்கு ஒரு மாதம். கடன் அறவீட்டு வழக்குகள் உங்களிடம் கொஞ்சம்தான் என்கிறீர்கள். கொஞ்சமாக இருப்பதில்தான் திகதி தப்பும், தினமும் செய்வதில் தப்பாது.

மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 14 நாட்கள். அதில் தீர்ப்புச் சொன்ன நாள், அறிவித்தல் சமர்ப்பிக்கும் நாள், ஞாயிறு, பொது விடுமுறை எல்லாம் விலக்கி எண்ண வேண்டும். மேன்முறையீட்டு மனுவுக்கு 60 நாட்கள். அங்கே அந்த விலக்குகள் இல்லை. ஒரே வழக்கில், ஒரே தீர்ப்பிலிருந்து, இரண்டு விதமான எண்ணிக்கை! வெளிநாட்டில் எழுதிய மென்பொருளுக்கு வெசாக் போயாவும் தெரியாது, இந்த இரட்டைக் கணக்கும் தெரியாது. ஆகவே கணினி நாட்காட்டி நினைவூட்டட்டும். எண்ணுவது ஒரு மனிதர், சரிபார்ப்பது இன்னொரு மனிதர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்குறிப்பும் ஒன்றாகவே இருக்கட்டும். இளையவரின் தொலைபேசியில் ஒரு நாட்காட்டி, இலிகிதரின் பையில் ஒரு டயறி என்று இரண்டு இருந்தால், என்றாவது ஒருநாள் இரண்டும் வேறுவேறு திகதி காட்டும். எனக்குக் காட்டியிருக்கின்றன.

ஒரே ஆள், பல பெயர்கள்

எங்கள் ஆட்களின் பெயர்களைக் கணினியில் ஏற்றியவர்களுக்குத்தான் இந்தத் தலையிடி தெரியும். குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனின் பெயர் சில இடத்தில் முன்னெழுத்து, சில இடத்தில் முழுப்பெயர். உறுதியில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, கொழும்பு நீதிமன்ற வழக்கேட்டில் சிங்களத்தில் மூன்றாவது. பெயரை வைத்துத் தேடினால் ஒரே மனிதர் மூன்று பேராக வருவார். அல்லது வராமலே போவார்.

அடையாள அட்டை இலக்கத்தை வைத்துத் தேடலாம் என்றால் அதிலும் பழையது, புதியது என்று இரண்டு உண்டு. பழையது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியது 12 இலக்கம். ஆயிரத்துத் தொளாயிரங்களில் பிறந்தவர்களின் பழைய இலக்கத்தை மாற்றுவது கடினமல்ல: முன்னால் 19 சேருங்கள், பழைய இலக்கத்தின் ஐந்தாவது எண்ணுக்குப் பின் ஒரு பூச்சியம் இடுங்கள், கடைசி எழுத்தை விட்டுவிடுங்கள். எல்லாக் கட்சிக்காரரையும் 12 இலக்கத்துக்குக் கொண்டுவந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்பீர்கள். ஒரு பாகப்பிரிவினை வழக்கில் 40 எதிராளிகள் இருக்கலாம். அவர்களில் ஒருவருக்காக உங்கள் தந்தையார் 2003 இல் மரணசாதனம் எழுதியிருந்தால்? ஒருவருக்காகத் தொழில் செய்த அலுவலகமே அவருக்கு எதிராகவும் நிற்கும் நலன் முரண்பாட்டை, வழக்கு நடுவில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது. கட்சிக்காரர் பட்டியல் மட்டும் போதாது, எதிராளிகள், சாட்சிகள், உறுதியில் வரும் முன்னைய உரித்தாளர்கள் எல்லோரும் தேடக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும்.

இளையவரின் மொழிபெயர்ப்பு

அவரைக் கண்டிக்காதீர்கள். கொழும்பில் தமிழில் பேசும் கட்சிக்காரர், சிங்களத்தில் நடக்கும் வழக்கு, ஆங்கிலத்தில் எழுதும் மேன்முறையீட்டு மனு என்று மூன்றுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை இரவு பதினொரு மணிவரை இருந்திருக்கிறது. கருவியைத் தேடிப்போனதில் வியப்பில்லை.

ஆனால் இலவசச் சேவையில் இடும் எழுத்து அந்த நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. சில சேவைகள் அதைச் சேமித்து வைத்துத் தங்கள் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்கவும் பயன்படுத்துகின்றன. கட்சிக்காரரின் பெயரும் நோயும் கடனும் அங்கே போனால், பிரிவு 126 உங்களைப் பார்த்துத்தான் கேள்வி கேட்கும். மேலும், வழக்குரையில் ஒரு சொல் பிழைத்தால் திருத்தலாம். "36 இல் 5 பங்கு" என்பது "35 இல் 6" ஆனால் ஒரு குடும்பத்தின் காணி போய்விடும். எந்த மொழிபெயர்ப்பிலும் பங்குகள், துண்டு இலக்கம், நில அளவைப் படத்தின் இலக்கம், எல்லைகள் ஆகிய நான்கையும் ஒருவர் மூலத்தோடு விரல் வைத்துப் பார்க்க வேண்டும். நீதிமன்றத்தில் சமர்ப்பிக்க சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் இருக்கவே இருக்கிறார்.

வழக்குத் தீர்ப்புகளைத் தேடவும் அவர் இதையே பயன்படுத்துகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். 2023 இல் நியூயோர்க்கில், விமான நிறுவனமொன்றுக்கு எதிரான வழக்கில் இரண்டு சட்டத்தரணிகள் சாட்ஜிபிடி கற்பனை செய்து கொடுத்த தீர்ப்புகளை உண்மையென்று நம்பிச் சமர்ப்பித்து, 5,000 டொலர் தண்டம் கட்டினார்கள். எங்கள் உயர் நீதிமன்றத்தினதும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் தீர்ப்புகள் அவற்றின் இணையத்தளங்களில் கிடைக்கின்றன. மேற்கோள் காட்டும் தீர்ப்பு ஒவ்வொன்றையும் அங்கேயோ சட்ட அறிக்கைத் தொகுதிகளிலோ திறந்து பார்க்காமல் கையொப்பம் இடுவதில்லை என்று ஒரு விதி வையுங்கள். அலுவலகத்துக்கென ஒரு பக்க எழுத்து விதி போதும்: எந்தச் சேவை, எதற்கு, பெயர்களை நீக்கி எப்படி, யார் சரிபார்ப்பது.

இதே மூச்சில் வாட்ஸ்அப்பையும் பாருங்கள். கட்சிக்காரர்கள் அனுப்பும் அடையாள அட்டைப் படங்கள் எத்தனை பேருடைய சொந்தத் தொலைபேசிகளில் கிடக்கின்றன? ஒரு தொலைபேசி பஸ்ஸில் தவறினால் என்ன ஆகும்? பனாமாவின் மொசாக் பொன்சேகா என்ற சட்ட நிறுவனத்திலிருந்து 1 கோடி 15 இலட்சம் ஆவணங்கள் வெளியேறி 2016 இல் உலகச் செய்தியாகின. இரண்டு வருடத்தில் நிறுவனமே மூடப்பட்டது. உங்கள் அலுவலகம் அவ்வளவு பெரியதல்ல, ஆனால் உங்கள் கட்சிக்காரருக்கு அவருடைய ஓர் ஆவணம்தான் உலகம். படங்கள் அலுவலகக் கணினிக்கு வந்ததும் தொலைபேசியிலிருந்து அழியட்டும். எல்லாவற்றையும் என்றென்றைக்கும் சேர்த்து வைப்பதும் பாதுகாப்பு அல்ல. காணிக் கொடுக்கல் வாங்கல் போன்றவற்றில் ஆவணங்களை 6 வருடம் வைத்திருக்க நிதிக் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் எதை, ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

நீதிபதிகளைப் பற்றிய பட்டியலுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன். இன்ன நீதிமன்றத்தில் காலையில் எந்த விண்ணப்பம் எடுக்கப்படும், எந்த நீதிபதி எழுத்துமூலச் சமர்ப்பணத்தை விரும்புவார் என்று தங்களுக்குள் குறித்து வைப்பது எல்லாச் சட்டத்தரணிகளும் செய்வதுதான். அதற்கு மதிப்பெண் போட்டு வெளியே சொல்வது வேறு விடயம். பிரான்ஸ் 2019 இல் நீதிபதிகளின் பெயரை வைத்து அவர்களின் போக்கைப் பகுப்பாய்வதையே ஐந்து வருடம்வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. எங்களிடம் அப்படி இல்லை. ஆனால் 2024 இல் வந்த நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் இருக்கிறது. அதைவிடப் பெரிய தடை கணக்குத்தான்: இடமாற்றம் வாங்கிப் போகும் ஒரு நீதிபதியின் முன் உங்களுக்கு எத்தனை வழக்கு தீர்ப்பாகியிருக்கும்? ஏழு? எட்டு? அதை வைத்துச் சதவீதம் போட முடியாது. வழக்கின் முடிவை மென்பொருள் முன்கூட்டிச் சொல்லும் என்பதற்கும் இதே பதில்தான். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகள் முழுமையாக எங்கும் தொகுக்கப்படாத நாட்டில், அது எதைப் படித்துச் சொல்லப்போகிறது?

இலிகிதர்

அவரைப் பற்றி ஐந்து வரிகள்தான் எழுதியிருக்கிறீர்கள், ஐந்தும் முறைப்பாடு. நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். எந்தக் கோவை எந்தப் படியின் கீழ் இருக்கிறது, எந்தக் குடும்பத்தில் மூத்தவர் சொன்னால்தான் மற்றவர்கள் சமரசத்துக்கு வருவார்கள், எந்த நில அளவையாளர் அறிக்கையைத் தாமதிப்பார் என்பதெல்லாம் அவருடைய தலையில் இருக்கிறது. உங்கள் அலுவலகத்தின் மிகப் பெரிய தரவுத்தளம் அவர்தான், அதற்கோ இன்னொரு பிரதி இல்லை. வயது என்ன என்று நீங்கள் எழுதவில்லை. 31 வருடச் சேவை என்றால் ஊகிக்கலாம்.

கணினியை அவர் வெறுப்பதாக நினைக்கிறீர்கள். தலையில் இருப்பதையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டால் மறுநாள் தான் தேவைப்படமாட்டேன் என்ற பயமாக அது இருக்கலாம். அந்தப் பயம் நியாயமற்றதல்ல. ஆகவே வேலையைத் தொடங்குமுன் அவருடைய பதவி, சம்பளம், ஓய்வுக் காலம் பற்றி நேராகப் பேசி, எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பிறகு 100 கோவை வேலையை அவரிடமே ஒப்படையுங்கள். தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள். இளையவர் கணினிக்கு முன் இருக்கட்டும், அவர் கோவையை விரித்து வைத்துச் சொல்லட்டும். தவணை தள்ளிப்போன காரணங்களின் பட்டியலை அவரே வகுக்கட்டும். நான் மேலே தந்த ஆறும் அவருக்குப் போதாமல் இருக்கும், குறைந்தது நாலைந்தைச் சேர்ப்பார். சேர்க்கும் அந்த நாலைந்தும் எங்களைப் போன்றவர்களுக்குத் தோன்றியிராத காரணங்களாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், தேநீரோடு, வாரம் ஐந்து கோவை. விடுமுறையில் கொஞ்சம் வேகமாக. அவரை நீங்கள் சிறு வயதிலிருந்து மாமா என்றுதான் கூப்பிடுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முதல் வெள்ளி நீங்களும் கூட இருங்கள்.

மென்பொருள் விற்பனையாளருக்கு இப்போதே "வேண்டாம்" என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வருடம், உங்கள் அட்டவணை நிரம்பியபின், உங்களுக்கு என்ன தேவை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்போது வரச் சொல்லுங்கள். வரும்போது சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கொண்டுவரட்டும். எங்கள் கட்சிக்காரரின் தகவல் எந்த நாட்டில், யாருடைய கணினியில் இருக்கும்? உங்கள் நிறுவனத்தில் யார் யார் அதைத் திறந்து பார்க்கலாம்? நாங்கள் விலகினால் எல்லாவற்றையும் சாதாரண அட்டவணையாக எங்கள் கையில் தருவீர்களா, அதற்குத் தனிக் கட்டணமா? தமிழில் எழுதிய பெயரைச் சிங்களத்தில் தேடினால் கிடைக்குமா? கடைசியாக, வெசாக் மாதத்தில் வந்த ஒரு தீர்ப்பைக் கொடுத்து, மேன்முறையீட்டு அறிவித்தலுக்குரிய 14 நாட்களை உங்கள் முன்னாலேயே எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் மாமாவை இருத்திக்கொள்ளுங்கள், அவர் விரல் விட்டு எண்ணிச் சரிபார்ப்பார்.